புதுப்பிப்பு: அப்பாவின் கணக்கைக் காட்டியே பிரித்தானிய மாணவர் வீசா கிடைத்தது

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. தங்கச்சிக்கு வீசா வந்திட்டுது.

நான் கேட்டது: வீசாவுக்குக் காட்ட வேண்டிய காசு அப்பாவின் பெயரில் கிடக்கிறது, அவளின் கணக்குக்கு மாற்ற வேண்டுமா? பலர் மாற்றச் சொன்னீர்கள். "கை வைக்காதீங்கோ, மாற்றினால் 28 நாள் கணக்கில் குழப்பம் வரலாம்" என்று எழுதின ஓர் அண்ணாவின் பேச்சைத்தான் கேட்டோம், சரிவந்தது. காட்ட வேண்டிய தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாளும் ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தக் கடைசி நாள், விண்ணப்பிக்கும் திகதிக்கு முந்திய 31 நாளுக்குள் விழ வேண்டும். ரூபாயை விண்ணப்பிக்கும் நாளில் ஓஆண்டா (OANDA) என்ற நாணயமாற்று இணையத்தளம் காட்டும் விகிதத்தில்தான் பவுண்ஸாக்கிப் பார்ப்பார்கள். மட்டுமட்டாக வைத்தால் நெஞ்சிடிதான். கொஞ்சம் கூடவே வையுங்கோ.

அப்பாவின் கணக்கென்பதால் அவரின் சம்மதக் கடிதமும் தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழும் கொடுத்தோம். சான்றிதழ் தமிழில், வெள்ளவத்தையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் எடுத்தோம். அதில் அவரின் கையொப்பம், திகதி, தொடர்பு விபரம் மூன்றும் இருக்கிறதா பாருங்கோ.

காசநோய்ப் பரிசோதனை கொழும்பில் ஐஓஎம் (சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில். சான்றிதழ் 6 மாதம் செல்லும்.

எதிர்பாராதது ஒன்று: பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரே இல்லை. அப்பா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "பிள்ளை, வீசா எங்க?" என்று வெலவெலத்துப் போனார். 2025 ஜூலை 15 முதல் மாணவர்களுக்கு ஈ-வீசாதானாம், அதாவது இணையத்தில் மட்டும் இருக்கும் வீசா. யூகேவிஐ (பிரித்தானிய வீசா, குடிவரவுப் பிரிவு) இணையக் கணக்கைத் திறந்து, அதில் பாஸ்போர்ட் இலக்கம் சரியாக இருக்கிறதா என்று பறக்கிறதுக்கு முன்னமே பார்த்துவிடுங்கோ.