விலை கொடுத்த பலி: நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

டெனர்_வரிசை
எங்கள் பாடகர் குழுவில் இருந்த அண்ணன் ஒருவர், மனைவிக்கு மறதி நோய் முற்றியதும் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். "விசுவாசத்தில் குளிர்ந்துபோனார்" என்று சபையில் பேச்சு. நான் வீட்டுக்குப் போனபோது மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, நகம் வெட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று அக்கா அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது. எடுத்து மாட்டிக்கொண்டார், அடுத்த விரலைப் பிடித்து, விட்ட அடியிலிருந்தே பாட்டைத் தொடர்ந்தார். ரோமர் 12:1, சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்ற வசனம், எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! இப்போது அந்த வசனத்தை வாசித்தால் எனக்கு அந்த அறைதான் கேட்கிறது.

இரவு_டியூட்டி
அவசரமாக எழுதுகிறேன். எங்கள் வார்டு சீனியர் சிஸ்டர், பிள்ளைக்காரர்கள் வீட்டுக்குப் போகட்டும் என்று கிறிஸ்துமஸ் இரவு டியூட்டியைத் தானே வாங்கிக்கொள்வார். நன்றி சொன்னால் எரிந்து விழுவார். ஒரு கிறிஸ்துமஸ் நள்ளிரவில், ஆலய மணி அடிக்கும்போதே ஒரு நோயாளி அவர் மேல் வாந்தி எடுத்துவிட்டார். அந்த நோயாளியைத் துடைத்து, விரிப்பு மாற்றி, தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்த பிறகுதான் சிஸ்டர் தன் உடையையே பார்த்தார். அவர் வீட்டிலும் வயதான அம்மா இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. அதுதான் உறுத்துகிறது.

ஊழியக்காரர்_பிள்ளை
அப்படியானால் விலை கொடுத்தது யார்? அந்த அம்மா அந்த இரவுகளில் தனியாகத்தானே இருந்திருப்பார்? என் தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா எடுத்துவைத்த கவரை அப்பா காணிக்கைப் பையில் போட்டார். கவரின் மேல் அம்மா கையெழுத்தில் என் பெயர். சபையே அல்லேலூயா சொன்னது. அம்மா குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். 2 சாமுவேல் 24 படியுங்கள். பலிபீடம் கட்ட தாவீது ராஜா ஒரு களத்தை விலைக்குக் கேட்கிறான். அதன் சொந்தக்காரன் அர்வனா, களத்தையும் பலிக்கு மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். இலவசமாக வாங்கிப் பலியிட மாட்டேன் என்று தாவீது 50 சேக்கல் வெள்ளி கொடுக்கிறான். அடுத்தவர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

அடுப்படி_அக்கா
தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் ஒரு அப்பாவை வைத்து எல்லாரையும் அளக்காதீர்கள். வேதத்தில் வரும் ஏழை விதவை தன் ஜீவனத்துக்கு இருந்த இரண்டு காசையும் போட்டபோது ஆண்டவர் தடுக்கவில்லையே.

என் கதை ஒரு வரிதான்: படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டேன், அவர் கடைசிவரை என்னைத் திட்டினார். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெரிய பலியைத் தேடி அலைய வேண்டாம். பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி குழந்தை தெரேசா (1873–1897) ஜெப நேரத்தில் பக்கத்துச் சகோதரி எழுப்பிய ஓயாத சத்தத்தைச் சகித்துக்கொண்டதையே காணிக்கையாக்கினார். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்சுக்குச் சமையல் வேலை பிடிக்கவே பிடிக்காது. அந்தப் பாத்திரங்களுக்கு நடுவேதான் ஜெபித்தார். அப்புறம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் உபவாசம் இருப்பவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள், மத்தேயு 6 தெளிவாகச் சொல்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உபவாசமே இருக்க வேண்டாம். உபவாசத்தால் மிச்சமான பணத்தை எடுத்து வைத்து யாருக்காவது கொடுங்கள், யாருக்கு என்று சொல்லாதீர்கள். காபியை விடுவதைவிடக் குத்திப் பேசுவதை விடுவது கஷ்டம், அதை முயன்று பாருங்கள்.

ஊழியக்காரர்_பிள்ளை
அக்கா, விதவை போட்டது அவளுடைய காசு. அதோடு மாற்கு 12-இல் அதற்குச் சற்று முன்னால்தான், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை, அதாவது வேதச் சட்டத்தைப் போதிப்பவர்களை, இயேசு கண்டிக்கிறார். சேர்த்துப் படியுங்கள்.

கணக்கு_மேசை
நடுவில் வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்தவர் ஒருவர். சாதுவெல்லாம் இல்லை, அவர் நாற்காலியைத் தொட்டாலே கத்துவார். மேலாளர் பேனாவை நீட்டினார். இவர் வாங்கி, மூடியை மாட்டி, மேலாளர் சட்டைப் பையிலேயே செருகினார். பிறகு வீட்டுக்குப் போன் செய்து, "நாம பேசினபடியே ஆயிடுச்சு" என்றார். மனைவியிடம் முன்னாலேயே கலந்து பேசியிருக்கிறார். தம்பி கேட்ட கேள்விக்கு இது கொஞ்சமாவது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அவர் போனதும் அந்தக் கணக்கு என் மேசைக்கு வந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.