கஞ்சாவுக்குக் கட்சி வைத்திருப்பவர்களைப் பார்த்ததுண்டா? உங்கள் அனுபவம்

ஏலமலை ஜீப்காரர் (கம்பம்):
நியூசிலாந்துக்காரர் ஒருவரைத் தேக்கடிக்கு ஏற்றிப் போனேன். மலைமேல் செக்போஸ்ட்டில் அவர் பையிலிருந்து பச்சை இலை போட்ட அட்டை விழுந்தது. சார் எடுத்து மோந்து பார்த்தார். "இதெந்தா?" "என் கட்சி" என்றார் வெள்ளைக்காரர், பெருமையாக. 1996-லிருந்து தேர்தலில் நிற்கிறார்களாம். "எத்ர சீட்டு கிட்டி?" ஒன்றுமில்லை. 2020-இல் கஞ்சாவைச் சட்டமாக்கலாமா என்று அங்கே மக்களிடமே ஓட்டுக்கு விட்டு, வேண்டாம் 50.7 சதவீதம் என்று முடிந்ததையும் அவரே சொன்னார். சார் சிரித்துவிட்டு அவருக்கு நாற்காலி போட்டார். என்னை ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னார். சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டுக்குள், என் சாப்பாட்டுத் தூக்கு வரை திறந்து பார்த்தார்கள். கட்சிக்காரன் டீ குடிக்கிறான், டிரைவர் டயர் உருட்டுகிறான். இன்னும் ஆறவில்லை.

கூடலூர் அக்கா:
ஒரு சீட்டும் இல்லை என்று சிரிக்காதீர்கள் தம்பி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மேலவையில் இதே மாதிரிக் கட்சி 2022-இல் 2 இடம் பிடித்தது. என் அக்கா மகன் மெல்போர்னில்தான் இருக்கிறான். மேலவை ஓட்டுச்சீட்டு மேசைவிரிப்பு அகலமாம். "சித்தி, இவங்களுக்குப் போடவா?" என்று போனில் கேட்டான். பக்கத்திலிருந்த அக்கா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். யாருக்குப் போட்டான் என்று இதுவரை வாய் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா (செங்கோட்டை):
என்னிடமும் ஒரு வெளிநாட்டுப் பையன் கட்சி பேட்ஜ் காட்டினான், அவ்வளவுதான். ஜீப்காரர் கவனிக்க: அட்டை வைத்திருப்பது குற்றமில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தில் பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. அதை நம்பி யாரும் இலையைச் சுமக்க வேண்டாம், மாநிலச் சட்டம் தனி. 1 கிலோ வரை சிறு அளவு, ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. தெரிந்தே வண்டியை விட்டால் உரிமையாளர் மேலும் வழக்கு வரும். உடம்பைச் சோதித்தால் மாஜிஸ்திரேட் அல்லது கெஜடட் அதிகாரி முன்னால் செய்யச் சொல்லி, பிரிவு 50-இன்படி கேளுங்கள். ஆனால் கைப்பைக்கும் வண்டிக்கும் அது பொருந்தாது. பயணியின் பெயர், பாஸ்போர்ட் எண்ணை டிரிப் ஷீட்டில் எழுதி வையுங்கள். டீ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

தடா ஊர்ப்பக்கத்துக்காரர்:
குமாஸ்தா சார், ஆந்திர எல்லையில் பாக்கெட்டில் கைவிட வந்தவரிடம் பிரிவு 50 என்று சொல்லிப் பார்த்தேன். "படிச்சவரா? அப்போ ஓரமா நில்லுங்க" என்றார். எனக்குப் பின்னால் வந்த லாரியெல்லாம் போய்விட்டது.