ஆளுமைச் சோதனையின் முடிவை நம்பி வேலையை மாற்றலாமா?

மர்ஃபிடவுன்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில், டெஸ்டிங் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மேனேஜராகப் பதவி உயர்வு தந்தார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரம் ஆனாலே அடிவயிறு கனக்கத் தொடங்கிவிடுகிறது.

சென்ற மாதம் அலுவலகத்தில் ஒருநாள் பயிலரங்கு நடத்தி, எங்கள் குழு முழுவதையும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைச் சோதனை எழுத வைத்தார்கள். அது ஒவ்வொருவரையும் நான்கு ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகிறது; எனக்கு ‘ஐஎன்எஃப்ஜே’ (INFJ) என்று வந்தது. அந்த வகையினர் ஆசிரியராகவோ உளவியல் ஆலோசகராகவோ இருந்தால் மனநிறைவு பெறுவார்கள் என்று அறிக்கையில் இருந்தது. படிக்கப் படிக்க, பல காலம் கூடவே இருந்து கவனித்த ஒருவர் என்னைப் பற்றி எழுதியதைப் போலிருந்தது. என் அண்ணன் மகனுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் உண்டு. சனிக்கிழமைதோறும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு மணி நேரம் அதுதான். ஆகவே வேலையை விட்டுவிட்டுச் சிறப்புக் கல்வி ஆசிரியராகிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று, ஒரு தொழில் வழிகாட்டு மையத்தில் 6,500 ரூபாய் கட்டி வேறொரு சோதனையும் எழுதினேன். அவர்கள் தந்த 28 பக்க வண்ண அறிக்கை, நான் நிர்வாகத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் ஏற்றவள் என்கிறது. என் அம்மா இரண்டு அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதற்கு ஜாதகத்தைக் கொண்டுபோயிருந்தால் 101 ரூபாயோடு முடிந்திருக்கும்’ என்றார்.

வீட்டுக் கடனுக்கு மாதம் 41,000 ரூபாய் தவணை கட்டிவருகிறோம். கணவர் தடை எதுவும் சொல்லவில்லை. ‘நான்கு எழுத்தை நம்பியா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தகைய சோதனைகளை எந்த அளவுக்கு நம்பலாம், இரண்டும் முரண்படும்போது எதை எடுத்துக்கொள்வது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அளவுகோல் எழுதியது:

உளவியலில் முதுகலை படித்துவிட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாக இதே ஊரில் ஆட்சேர்ப்புப் பணியில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் அம்மா வேடிக்கையாகச் சொன்னதை ஒருவர் வகுப்பறையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குறிப்பைக் கொடுத்து, அது தம்மை எவ்வளவு சரியாக விவரிக்கிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் அத்தனை பேர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து அவர் திரட்டியிருந்தார். ஆகவே ‘என்னையே எழுதியதைப் போலிருக்கிறது’ என்ற உணர்வைச் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை, சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு காதரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. நான்கு இயல்புகளில் ஒவ்வொன்றிலும் உங்களை இரண்டு பக்கங்களில் ஒன்றில் வைத்து, அதற்கு ஓர் எழுத்தைத் தருகிறது. அதன் பெரிய குறை, இப்படி நடுவில் கோடு கிழிப்பது. மனித இயல்புகளில் பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் திரண்டிருக்கிறார்கள். அங்கேயே கோடு போட்டால், 160 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு 159 இருப்பவரைக் குள்ளர் என்றும் 161 இருப்பவரை நெட்டையர் என்றும் பிரிப்பதைப் போலாகிவிடும். சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் ஓர் எழுத்தாவது மாறிவிடுபவர்கள் ஏராளம். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. உங்கள் அறிக்கையில் எழுத்துகளுக்குக் கீழே பட்டைகள் வரைந்திருப்பார்கள். எந்தப் பட்டை நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு அறிக்கைகளும் முரண்படுகின்றன என்கிறீர்கள். தராசும் வெப்பமானியும் வெவ்வேறு எண்களைக் காட்டினால் அதை நாம் முரண் என்று சொல்வதில்லை. முதலாவது சோதனை உங்கள் சுபாவத்தைக் கேட்கிறது. இரண்டாவது அநேகமாக ஆர்வத்தையும் திறனையும் கேட்டிருக்கும். ஆர்வத்தை அளப்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த ஆறு வகைப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மனிதர்களுக்கு உதவுதல், பிறரை இணங்கவைத்து முன்னெடுத்தல், ஒழுங்குபடுத்திப் பேணுதல். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் இதே அடிப்படையிலான 60 கேள்விகள் கொண்ட சோதனை இலவசமாகவே கிடைக்கிறது. (6,500 ரூபாயைக் கட்டிய பிறகு இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.)

ஆனால் ஆர்வத்துக்குப் பொருந்திய தொழிலில் இருப்பதற்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு, நாம் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. ஒரே பெயர் கொண்ட வேலை இரண்டு குழுக்களில் இரண்டு விதமாக இருக்கும் என்பது இதற்கு ஒரு காரணம். 1970களில் ஹாக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலையின் உள்ளமைப்பை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார்கள். பலவிதத் திறமைகளைப் பயன்படுத்த இடமிருக்கிறதா, ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நாமே செய்கிறோமா, அதனால் பிறருக்கு ஏதேனும் விளைகிறதா, எப்படிச் செய்வது என்பதை நாமே தீர்மானிக்கிறோமா, நன்றாகச் செய்தோமா என்பது அந்த வேலையிலிருந்தே தெரிகிறதா? இந்த ஐந்தையும் பதவி உயர்வுக்கு முன், பின் என்று இரண்டு முறை உங்களுக்கு நீங்களே கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிவில் மேனேஜரான பிறகான இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

அம்மா, நான் 1981இல் தேர்வு எழுதி ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தவன். எனக்கு எது பிடிக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் பேரேட்டைத் திறக்கவே கசந்தது. பிறகு இருப்புச் சரிபார்க்க என்னைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். ஏட்டில் 412 பேரிங்குகள், அலமாரியில் 380. மீதி 32 எங்கே போயின என்று ஒவ்வொரு ரசீதாகப் பின்னோக்கிப் போய்த் தேடிய அந்த நான்கு நாட்களில்தான், இந்த வேலையில் எனக்கும் ஒரு ருசி உண்டு என்பதைக் கண்டுகொண்டேன். பிறகு ஓய்வு பெறும் வரை தணிக்கையிலேயே இருந்தேன்.

திரு. அளவுகோல் அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். 22 வயதில் நீங்கள் சொல்லும் 60 கேள்விகளை என்னிடம் கொடுத்திருந்தால், நான் எதைத் தெரிந்து எதற்குப் பதில் எழுதியிருப்பேன்? அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதே.

வீட்டுக் கடன் இருக்கும்போது, குறைந்தது ஓராண்டுத் தவணையைத் தனியாக எடுத்து வைக்காமல் ராஜினாமாக் கடிதத்தை எழுத வேண்டாம்.

அளவுகோல் எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் சரியாக எழுதியிருக்க முடியாது. செய்து பார்த்திராத வேலையைப் பற்றிய கேள்விக்கு நாம் தருவது பதில் அன்று, ஊகம். கல்லூரி மாணவர்களிடம் வரும் முடிவுகளை நான் மிகவும் எச்சரிக்கையாகவே படிப்பேன். பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர் தரும் பதில்களுக்குக் கொஞ்சம் கூடுதல் எடை உண்டு.

காக்ஸ்டவுன் எழுதியது:

நான் அந்த ஊகத்தை நம்பிப் பட்டவள். 29 வயதில் வங்கி வேலையிலிருந்து விலகி வடிவமைப்புத் துறைக்கு வந்தேன். நான் எழுதிய ஆர்வச் சோதனையில் ‘கலை’ முதலிடத்தில் இருந்தது. சோதனை பொய் சொல்லவில்லை, எனக்கு வரைவது உண்மையாகவே பிடிக்கும். ஆனால் தனியாக வீட்டிலிருந்து வேலை செய்யும் வடிவமைப்பாளர் ஒரு நாளில் வரைவது ஒன்றரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வாடிக்கையாளரின் ஏழாவது திருத்தத்துக்குப் பதில் எழுதுவதில் போய்விடும். நாள் முழுவதும் நாலு பேரோடு பேசிப் பழகியவள், பகல் பன்னிரண்டு மணிக்கு மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டேனே தவிர, எதை இழந்தால் தாங்காது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பவைதான் விழுமியச் சோதனைகள். எட்கர் ஷைன் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர், மேலாண்மைப் பட்டம் பெற்ற 44 பேரை 1960களில் பேட்டி கண்டு, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் சந்தித்தார். பொருந்தாத வேலைகளுக்குப் போனவர்கள், ஏதோ ஒன்று தங்களைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். அதனால்தான் அதற்கு ‘நங்கூரம்’ என்று பெயர் வைத்தார். தொழில்நுட்பத் திறன், நிர்வாகம், தற்சார்பு, பாதுகாப்பு, புதியதைத் தொடங்குதல், தொண்டு, சவால், வாழ்க்கைமுறை என்று பின்னாளில் எட்டு நங்கூரங்களாக வகுத்தார். திறமையான தொழில்நுட்பக்காரரை நிர்வாகத்துக்கு உயர்த்துவதால் வரும் அவதியை இதில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே விளங்கும். உங்களுக்கும் அதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் பத்து விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கினார். எதிரெதிரே இருப்பவை நம்மை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். புதுமையையும் பாதுகாப்பையும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பெற இயலாது.

இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டியதில்லை. நான் செய்தது இதுதான். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களை இரண்டாக நறுக்கி, பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒன்றாக 36 விஷயங்களை எழுதினேன்: சம்பளம், அம்மாவுக்கு அருகில் இருத்தல், யாருக்கும் கைகட்டி நிற்காமை, மாலை ஆறு மணிக்கு வீடு, இப்படி. பொதுவான பெருஞ்சொற்களை எழுதாதீர்கள். ‘சுதந்திரம்’ என்று எழுதினால் எல்லோரும் அதை வைத்துக்கொள்வார்கள். பிறகு மூன்று குவியல்களாகப் பிரித்து, கட்டாயம் வேண்டும் என்ற குவியலில் எட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதித்துக்கொண்டேன். கடைசியில் அவற்றை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட வேண்டும். வெறும் காலண்டர் தாள்தான். ஆனால் கிழிக்கும்போது கை தயங்குகிற இடம் ஒன்று வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு வாரங்களுக்கு, தினமும் மாலையில் எந்த மணி நேரம் ஓடியது, எது நகரவே மறுத்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

மற்றொன்று. நம் நாட்டில் சிறப்புக் கல்வி ஆசிரியராக, இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சம்பளத்தைக் குறித்துப் பெரிய நம்பிக்கை தர மாட்டேன்.

மர்ஃபிடவுன்காரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பட்டைகளைப் பார்த்தேன். உணர்வைச் சார்ந்து முடிவெடுப்பதைக் குறிக்கும் மூன்றாவது எழுத்து மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. இரண்டாவதும் நான்காவதும் நடுக்கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி நிற்கின்றன.

சாப்பாட்டு மேசையில் காலண்டர் தாள்களைப் பரப்பியபோது, முதல் குவியலில் 19 தாள்கள் சேர்ந்துவிட்டன. எட்டாகக் குறைக்க இரவு பதினொரு மணி ஆனது. என் கை தயங்கியது, ‘சம்பளம்’ என்ற தாளுக்கும் ‘ஆட்களைத் தரம் பிரிக்காமல் இருத்தல்’ என்ற தாளுக்கும் இடையில். இரண்டாவது எந்தப் பட்டியலிலும் இல்லாதது, நானே எழுதிச் சேர்த்தது. ஒவ்வோர் ஆண்டும் என் கீழுள்ள ஆறு பேரில் ஒருவரையாவது கடைசித் தட்டில் வைத்தாக வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்து நடைமுறை. சென்ற ஆண்டு நான் வைத்த பெண் அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட உட்காருவதில்லை.

நோட்டுப் புத்தகத்தில் பத்து வேலை நாட்களைக் குறித்தேன். நகராத நேரங்கள் பெரும்பாலும் மதிப்பீட்டுக் கூட்டங்கள், விடுப்பு ஒப்புதல், பஞ்சாயத்து. ஓடிய நேரங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பணம் செலுத்தும் பக்கத்தில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை மட்டும் முந்தைய நாளின் தேதி பதிவாகிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டு நாட்களாகக் குழம்பிக்கொண்டிருந்தான். ‘ஏன் சரியாக 5.30?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதை அவனாகவே கண்டுபிடித்தபோது மணி மூன்று. இருவருமே மதியச் சாப்பாட்டை மறந்திருந்தோம். ஓய்வுபெற்ற ஐயாவின் 32 பேரிங்குகள் நினைவுக்கு வந்தன. சனிக்கிழமை அண்ணன் மகனோடு உட்காரும்போதும் நான் செய்வது ஏறக்குறைய இதுதான். அவன் எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறான் என்று தேடுகிறேன்.

எனவே ராஜினாமாவை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். மேனேஜர் பொறுப்பிலிருந்து தொழில்நுட்பப் பாதைக்கு மாற்றித் தர முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். சம்பளம் குறையாது, ஆண்டு போனஸ் குறையும், முடிவு தெரிய இரண்டு மாதம் ஆகும் என்றார். இதற்கிடையில் ஃப்ரேசர் டவுனில் கற்றல் சிரமமுள்ள பிள்ளைகளுக்கான ஒரு மையத்தில் சனிக்கிழமை காலைகளில் உதவிக்கு வர அனுமதித்திருக்கிறார்கள். இரண்டு வாரங்கள் போயிருக்கிறேன். என் அண்ணன் மகனிடம் பலித்த எதுவும் அங்குள்ள ஒன்பது வயதுப் பெண் குழந்தையிடம் பலிக்கவில்லை. முதல் நாள் முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாம் வாரம் என் பேனாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.