புதுப்பிப்பு: வேக்கோ 1993, தீ வைத்தது யார்?

டெக்சாஸின் வேக்கோவில் ‘பிராஞ்ச் டேவிடியன்ஸ்’ என்ற மதக்குழுவின் வளாகத்தை அமெரிக்க அரசு முற்றுகையிட்டது தீயில் முடிந்தது. அது பற்றி எஃப்பிஐ சொன்னதை அப்படியே நம்ப முடியாது என்று எழுதியிருந்தேன். ‘அப்போ தீ வெச்சதும் அவங்கதானா?’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் இல்லை. தீ மூண்ட ஏப்ரல் 19 அன்று தீப்பற்றக்கூடிய கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டதை 1999இல்தான் ஒப்புக்கொண்டார்கள். ஆறு வருஷ மறைப்பு! ஆனால் அவை சுடப்பட்டது தீ மூள்வதற்குச் சில மணி நேரம் முன்பு. உள்ளே இருந்தவர்களே மூட்டினார்கள் என்றது அரசு நியமித்த சிறப்பு விசாரணையாளர் டான்ஃபோர்த்தின் அறிக்கை (2000).

எனக்கு உறுத்துவது முற்றுகை தொடங்கிய பிப்ரவரி 28, ஏடிஎஃப் (துப்பாக்கி, மது, புகையிலைச் சட்டங்களை அமல்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பு) நுழைந்த நாள். முதலில் சுட்டது யார்? தோட்டா எந்தப் பக்கமிருந்து துளைத்தது என்று காட்டியிருக்கக்கூடிய முன்கதவின் ஒரு பாதியைக் காணோம். இரும்புக் கதவு, தீயில் கரைந்திருக்குமா என்ன?