வகையீட்டு வடிவங்களைக் கணினியில் கணக்கிட்டபோது நேர்ந்தவை

முதல் பகிர்வு

அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலும் என் அண்ணன் மகள் சென்ற விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தாள். மின்காந்தவியல் பாடத்துக்காக மேக்சிமா என்னும் கணித மென்பொருளில் வகையீட்டு வடிவங்களை (டிஎக்ஸ், டிவை போன்றவற்றைக் கொண்டு எழுதப்படும், தொகையிடத்தக்க கோவைகளை) கணக்கிட்டுக்கொண்டிருந்தவள், "சித்தப்பா, பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஏதேதோ வருகிறதே" என்று மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

எக்ஸ் டிவை என்பதிலிருந்து வை டிஎக்ஸைக் கழித்து, எக்ஸ் வர்க்கமும் வை வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைக்கும் வடிவத்தை அவள் எடுத்திருந்தாள். ஆதிப்புள்ளியை நீக்கிய தளத்தில் இதன் வெளி வகையீடு, அதாவது வடிவத்தை வகையிட்டுப் பெறும் அடுத்த படி வடிவம், பூச்சியம். ஆனால் மேக்சிமாவின் கார்டன் தொகுப்பில் வெளி வகையீட்டைக் கணக்கிடும் எக்ஸ்ட்_டிஃப் கட்டளை மூன்று உறுப்புகளைத் திரையில் நிறுத்தியிருந்தது. முதல் உறுப்பு 2-ஐ அந்த வர்க்கத் தொகையால் வகுத்தது. அதிலிருந்து கழிக்கப்பட்ட மற்ற இரண்டிலும் தொகையின் வர்க்கம் கீழேயும், எக்ஸ் வர்க்கத்தின் இருமடங்கும் வை வர்க்கத்தின் இருமடங்கும் தனித்தனியே மேலேயும் இருந்தன. கோயில் திருவிழா அழைப்பிதழின் பின்புறத்தில் அவற்றைச் சேர்த்து எழுதியதும் எல்லாம் அடிபட்டுப் போனது. கோவையைச் சுருக்கும் ராட்சிம்ப் கட்டளையை இட்டபோது திரையிலும் பூச்சியமே வந்தது. மென்பொருள் பிழை செய்யவில்லை; சுருக்கும்படி நாம் கேட்காததால் அது சுருக்காமல் விட்டிருந்தது.

அதன் பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னை மகிழ்வித்தது. "வெளி வகையீடு பூச்சியம் என்றால், இது ஏதோ ஒரு சார்பின் வகையீடாகத்தானே இருக்க வேண்டும்?" அதே அழைப்பிதழில் ஆதிப்புள்ளியைச் சுற்றி ஓர் அலகு வட்டம் வரைந்து, அதன் வழியே தொகையிடச் சொன்னேன். 2 பை வந்தது. தளம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு சார்பின் வகையீடாக இருந்திருந்தால், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பும்போது பூச்சியம்தான் வந்திருக்கும். தளத்திலிருந்து ஒரு புள்ளியை நீக்கியிருக்கிறோம் என்பதை அவள் இட்ட கட்டளைகளில் எந்த வரியும் சொல்லவில்லை; ஆகவே அந்தச் செய்தி மென்பொருளின் விடையிலும் இல்லை. அவள் அந்த அழைப்பிதழை மடித்துத் தன் பாட நூலுக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் பகிர்வு

ஐயா, வணக்கம். நான் உங்களிடம் படிவம் ஆறில் பயின்றவள். எனக்கு நேர்ந்தது வேறு வகை. கோபயாஷியும் நொமிசுவும் 1963-இல் வெளியிட்ட வகையீட்டு வடிவியல் நூலைப் பின்பற்றிக் கணக்கிட்ட விடைகள், சிம்பை என்னும் மென்பொருள் தந்த விடைகளில் பாதியாகவே இருந்தன. என் கணக்கில்தான் பிழை என்று நம்பி, மூன்று இரவுகள் ஒவ்வொரு வரியாகத் திருத்திப் பார்த்தேன். டிஎக்ஸ், டிவை ஆகியவற்றின் ஆப்புப் பெருக்கலை (இரு வடிவங்களைச் சேர்த்து உயர்படி வடிவமாக்கும் பெருக்கலை) இரு அடிப்படைத் திசையன்கள் மீது செயல்படுத்திய பின்னரே காரணம் விளங்கியது: சிம்பை 1 என்கிறது, அந்நூலின் வழக்கப்படி 1/2 வர வேண்டும். எழுதும் வடிவம் இரண்டிலும் ஒன்றே என்பதால், திசையன்களை இடும்வரை வேறுபாடு கண்ணில் படுவதில்லை. இப்போது எந்தப் புதிய மென்பொருளைத் திறந்தாலும் முதலில் இந்த ஒரு கணக்கையே இட்டுப் பார்க்கிறேன். சேஜ்மேத்திலும் 1 தான் வந்தது.