அப்பப்பாவின் மொறிஸ் மைனர் கார் – குடும்பக் குழு

கபிலன்: சின்ன மாமா, பின் ஸ்பிரிங் இரண்டும் மாற்றியாயிற்று. ஆனால் கியர்பொக்ஸிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெலர் சாஃப்ட் பொருந்தவில்லை. முன்நுனியைக் கியர்பொக்ஸுக்குள் முட்டும்வரை தள்ளினாலும் பின்னால் அக்சில் நடுவிலிருக்கும் டிஃப்பில் (டிஃபரன்ஷியல்) இடிக்கிறது. லேத்தில் கொடுத்து ஒரு அங்குலம் வெட்டலாம் என்கிறார் மெக்கானிக் பாஸ்.

சின்ன மாமா: வெட்ட விடாதே! அந்த சாஃப்ட் காரோடு வந்தது, இத்தனை வருஷம் கழித்து அது நீளாது. பின் சில்லுகளைத் தாங்கும் அக்சில்தான் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. டயர் நிலத்தில் நிற்க, ஸ்டியரிங்கை நேராக்கி, முன் சில்லு நடுவிலிருந்து பின் சில்லு நடுவுக்கு இரண்டு பக்கமும் அள. மைனருக்கு 86 அங்குலம்.

கபிலன்: இடது 85, வலது 85 அரை.

சின்ன மாமா: பார்த்தாயா! அப்படியே பூட்டியிருந்தால் கார் நண்டு மாதிரிச் சரிந்து ஓடும். அக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் தகடுகளின் நடுவில் நிற்கும் சென்டர் போல்ட் தலை அக்சிலுக்குரிய ஓட்டைக்குள் இருக்கிறதா பார். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதே, ஸ்டாண்ட் வை.

மாலதி அத்தை: வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்கு ஓட்டோவிலேயே போகலாம் தம்பி. அந்த ஏற்றத்தில் இதை வைத்துக்கொண்டு வேண்டாம்.

கபிலன்: சரி அத்தை. மாமா, இரண்டு பக்கமும் தலை வெளியேதான் நிற்கிறது! ஓட்டைக்குள் துருவும் பழைய கிரீஸும் கல்லாக இறுகியிருக்கின்றன. பக்கத்தில் போல்ட் தலை அழுத்திய வட்டத் தழும்பு.

சின்ன மாமா: உப்புவெளிக் கடற்காற்று சும்மா விடுமா? நன்றாகச் சுரண்டி எடு. தலை உள்ளே விழுந்தபின் யூ போல்ட்டுகளை நாலு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஸ்பிரிங் நுனி வளையத்தில் பூட்டும் கண் போல்ட்டுகளைக் காரை இறக்கிப் பாரம் ஏறிய பிறகுதான் முழுக்க இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் றப்பர் புஷ் முறுக்கிக் கிழியும்.

கபிலன்: இப்போது இரண்டு பக்கமும் 86! சாஃப்டை டிஃப்போடு பூட்டும் பிளேஞ்ச் போல்ட் நாலும் கையாலேயே இறங்கின. முன்நுனி உள்ளே போக இன்னும் முக்கால் அங்குலம் இடம் இருக்கிறது.

சின்ன மாமா: அந்த இடம் கட்டாயம் வேண்டும். பள்ளத்தில் விழுந்து அக்சில் மேலே எழும்பும்போது சாஃப்ட் உள்ளே ஓடும். வெட்டியிருந்தால் கியர்பொக்ஸுக்குள் நுழையும் பல்லில் பிடி குறைந்திருக்கும். அக்சில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்றும் பார்.

கபிலன்: இல்லை, தளர்வாக இருக்கிறது. பழைய நட்டையே போடவா?

சின்ன மாமா: புது லொக் நட் வாங்கு. நிலாவெளி வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து யூ போல்ட்டைத் திரும்ப இறுக்கு. 100 மைல் ஓடியதும் இன்னொரு தடவை.