பிரபுவின் சுண்டுவிரல் இடுக்கு

பிரபு: அக்கா இருக்கிறாயா? சேற்றுப்புண் திரும்பவும் வந்துவிட்டது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. வலது காலில் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில், போன தடவை வந்த அதே இடம். ராத்திரி சாக்ஸைக் கழற்றினால் அரிப்பு தாங்கவில்லை

பிரபு: (படம்)

அம்மா: நீச்சலைக் கொஞ்ச நாள் நிறுத்து என்று சொன்னேனே, கேட்டாயா

மீனா: படம் பார்த்தேன். தோல் வெளுத்து, தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய காகிதம் மாதிரி உரிகிறது. விரலை நன்றாக விரித்து, டார்ச் அடித்து, அடிப்பக்கம் இன்னொரு படம் எடு. நீர் வடிகிறதா? நாற்றம் இருக்கிறதா?

பிரபு: இரண்டும் இல்லை. சின்னதாக ஒரு வெடிப்பு மட்டும்

மீனா: போன தடவை மருந்து எத்தனை நாள் போட்டாய்?

பிரபு: நாலு நாள். அரிப்பு சுத்தமாக நின்றுவிட்டது, அதனால் விட்டுவிட்டேன்

மீனா: நாலே நாளிலா? அது என்ன மருந்து? ட்யூபில் எழுதியிருப்பதை அப்படியே படித்துச் சொல்

பிரபு: மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல்

மீனா: அதை இனிமேல் தொடாதே. க்ளோபெட்டசால் என்பது வீரியமான ஸ்டீராய்டு. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், அதனால்தான் நாலு நாளில் குணமான மாதிரி உனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பும் அடங்கிவிடுவதால், சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். எங்கள் தோல் வார்டுக்கு வருகிறவர்களில் பல பேர் இப்படி ஒரு ட்யூபை மாதக்கணக்கில் தடவிவிட்டு, படர்தாமரை உருவமே மாறிப்போய், டாக்டருக்கே அடையாளம் தெரியாத நிலைமையில் வருகிறார்கள். பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்

அம்மா: அப்போது நீச்சல் குளத்துத் தண்ணீரால் வரவில்லையா?

மீனா: தண்ணீரைவிடத் தரைதான் அம்மா காரணம். இந்தப் பூஞ்சை நம் தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. சேற்றுப்புண் உள்ள ஒருவர் வெறுங்காலோடு நடந்தால் கண்ணுக்கே தெரியாத தோல் செதில்கள் உதிரும், அதில் பூஞ்சை உயிரோடு இருக்கும், பல மாதம்கூட இருக்கும். குளத்தைச் சுற்றியுள்ள ஈரத்தரை, உடை மாற்றும் அறை, பொதுக் குளியலறை, இங்கெல்லாம் அடுத்தவர் ஊறிய காலோடு அதை மிதிப்பார். மிதித்த எல்லோருக்கும் வந்துவிடாது. காலைத் துடைக்காமல் அப்படியே ஷூவுக்குள் திணித்துப் பூட்டி வைக்கிறவருக்குத்தான் அது வேர் பிடிக்கும். சுண்டுவிரல் இடுக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது, காற்றே போகாது, அதனால்தான் முதலில் அங்கே வருகிறது

பிரபு: இப்போது அங்கே செருப்பு போட்டுத்தான் நடக்கிறேன் அக்கா. ஷூவும் புதுசு. அப்படியும் எப்படி வந்தது?

மீனா: அப்படியென்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். காலை எந்தத் துண்டால் துடைக்கிறாய்?

பிரபு: குளியலறைக் கதவில் தொங்குவதுதான். எல்லோரும் அதில்தான் துடைப்போம்

மீனா: வாசலில் கிடக்கும் கால்மிதி?

அம்மா: அதுவும் ஒன்றுதான். ஒருவர் மாற்றி ஒருவர் குளிப்பதால் காயவே காயாது

செல்வம் மாமா: மீனா, ஒரு சந்தேகம். எனக்கு அரிப்பெல்லாம் கிடையாது. ஆனால் இடது பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்துப் போய் இரண்டு வருஷம் இருக்கும், வெட்டினால் பொடியாக உதிர்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

மீனா: இருக்கலாம் மாமா. உள்ளங்காலைக் கொஞ்சம் பாருங்கள். வறண்டு, ரேகைகளில் மாவு படிந்த மாதிரி வெள்ளையாக இருக்கிறதா, குதிகாலிலிருந்து ஓரம் வரைக்கும்?

செல்வம் மாமா: ஆமாம். வயசாகிவிட்டது, வறண்ட தோல் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்

மீனா: அதுவும் சேற்றுப்புண்ணில் ஒரு வகையாக இருக்கலாம், அதில் அரிப்பு பெரிதாக இருக்காது, அதனால் வருஷக்கணக்கில் கவனிக்காமலே போய்விடும். நகச்சொத்தைக்கும் பெரும்பாலும் இதே பூஞ்சைதான் காரணம். பிரபு எத்தனை தடவை மருந்து போட்டாலும், நீங்கள் மிதித்த அதே ஈரக் கால்மிதியில் அவனும் நின்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். உங்கள் மேல் தப்பே இல்லை மாமா, யாருக்கும் இது தெரிந்திருக்காது

செல்வம் மாமா: ஐயோ, பிள்ளைக்கு என்னால் வந்ததா. நான் என்ன செய்ய வேண்டும்?

மீனா: தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நகத்தையும் உள்ளங்கால் செதிலையும் கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், பார்வையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பூஞ்சை என்று உறுதியானால், தடித்த நகத்துக்குள் க்ரீம் இறங்காது என்பதால் மாத்திரை தருவார்கள், பொதுவாக மூன்று மாதம், அதற்குமுன் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை கேட்கலாம். நகம் முழுசாக வளர்ந்து மாற ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகும், அதனால் நடுவில் விட்டுவிடாதீர்கள். நகவெட்டி உங்களுக்குத் தனி

மீனா: பிரபு, நீ டெர்பினாஃபைன் க்ரீம் வாங்கு, ஸ்டீராய்டு கலக்காதது. விரல் இடுக்குக்கு ஒரு வாரம் போதும், உள்ளே இருக்கும் தாளில் எத்தனை வேளை, எத்தனை நாள் என்று இருப்பதை முழுசாக முடி. க்ளோட்ரிமசோல் வாங்கினால் நாலு வாரம் போட வேண்டும், அரிப்பு நின்றாலும். வெளுத்த இடத்தோடு நிறுத்தாமல் சுற்றிலும் நல்ல தோலிலும் தடவு, போட்டதும் சோப்பால் கை கழுவு. அப்படியும் போகாவிட்டால் மாமாவோடு நீயும் டாக்டரிடம் போ

பிரபு: சரி அக்கா. சாக்ஸ்?

மீனா: தினமும் மாற்று, வியர்த்தால் நடுவில் ஒரு தடவை. துணி தாங்கினால் 60 டிகிரி சுடுநீரில் துவை, துண்டும் கால்மிதியும் அப்படித்தான். இரண்டு ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போடு, ஒரு ஜோடி காய ஒரு முழு நாளாவது வேண்டும். குளித்ததும் காலைக் கடைசியாகத் துடை, தனித் துண்டால், ஒவ்வொரு விரல் இடுக்காக. அப்புறம் இன்னொன்று, உள்ளாடை போடுவதற்கு முன்னால் சாக்ஸைப் போட்டுவிடு. இல்லையென்றால் உள்ளாடை பாதத்தில் உரசி மேலே போகும்போது பூஞ்சையும் கூடவே போய்த் தொடை இடுக்கில் படர்தாமரையாக வரும். சொறிந்த கையாலும் அப்படித்தான் பரவும்

கீதா அண்ணி: மீனா, நம் குட்டிக்கும் விரல் அடியில் தோல் உரிகிறது. ஆறு வயசுதான். இதே க்ரீமைப் போடலாமா?

மீனா: வேண்டாம் அண்ணி. சின்னக் குழந்தைகளுக்கு சேற்றுப்புண் அவ்வளவாக வருவதில்லை, ஷூவில் வியர்த்து வியர்த்துத் தோல் பளபளப்பாகி உரிவதுதான் அதிகம். டாக்டர் பார்க்காமல் எதையும் தடவ வேண்டாம்

அம்மா: கால்மிதியை எடுத்துவிட்டேன். நாளையிலிருந்து ஆளுக்கு ஒன்று, ஒவ்வொரு நாளும் வெயிலில் காயட்டும். துண்டும் தனித்தனி

பெரியம்மா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வலது கால் விரல் நடுவில் வெடித்திருக்கிறது, பத்து நாள் இருக்கும். வலி எதுவும் இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை

மீனா: பெரியம்மா, உங்களுக்கு சர்க்கரை இருக்கிறது. வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்தாலும் வலி தெரியாது. அந்த வெடிப்பு வழியாக பாக்டீரியா உள்ளே போனால் கால் முழுக்க வீங்கிக் காய்ச்சல் வரும். பாதம் சிவந்திருக்கிறதா? தொட்டால் சூடாக இருக்கிறதா?

பெரியம்மா: கொஞ்சம் சிவப்புதான். செருப்பு நேற்றிலிருந்து இறுக்கமாக இருக்கிறது

மீனா: இதற்குக் க்ரீம் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே டாக்டரிடம் போயாக வேண்டும். பிரபு, வண்டியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போ

பிரபு: கிளம்பிவிட்டேன்

மீனா: பெரியம்மா, போனை எடுங்கள், கூப்பிடுகிறேன்